பூஜை போட்ட பேட்டரி

வேணுகோபாலைப் பற்றிச் சிம்ரனிடம் யாராவது கேட்டால் ஒரே வார்த்தைதான் சொல்லுவாள்: "வெத்து." இன்னொரு வார்த்தை சொல்லச் சொன்னால் அது அச்சில் ஏறாது.

அவள் சொன்னதில் தப்பும் இல்லை. காந்தி ரோட்டில் மூன்று மாடிப் பட்டுக்கடை நடத்திக்கொண்டு, வருகிற கல்யாண வீட்டாருக்குக் காபியும் கலரும் கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த மனிதர் அவர். ஒரு நாள் ஏதோ கூட்டத்தில் எவனோ, இனிமேல் உலகமே பேட்டரியில்தான் ஓடும் என்று பேசிவிட்டுப் போனான். அன்றைக்கே இவருக்குப் பித்தம் தலைக்கேறியது. தென்னேரிக்குப் பக்கத்தில் இடம் வாங்கினார், கட்டடம் எழுப்பினார், வெளிநாட்டிலிருந்து மிஷின் இறக்கினார். 'ஏலவார்குழலி எனர்ஜி ஸ்டோரேஜ்' என்று அம்மன் பெயரில் கேட்டுக்கு மேலே போர்டு ஏறியது. லாரிக்காரர்கள் வாயில் அது நுழையாமல் ஏ.கே. பேட்டரி ஆனது.

மைக்கைக் கண்டுவிட்டால் போதும், "தாமல்லேர்ந்து திருமுக்கூடல் வரைக்கும் இந்த வட்டாரத்தையே பேட்டரி வட்டாரமா மாத்திக் காட்டுறேன்" என்று ஆரம்பித்துவிடுவார். அந்தப் பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். "கரண்ட்" என்பார். என்னவோ பெரிய ரகசியத்தைச் சொல்லிவிட்டவர் மாதிரி ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிக்கவும் செய்வார்.

சிம்ரன் அங்கே உலர் அறைக்குப் பொறுப்பாளர். வாலாஜாபாத் பக்கத்துக் காலனிப் பெண். அப்பா ஜெபகுமார் ஸ்கூட்டர் மெக்கானிக். வேதியியலில் முதுகலை முடித்துப் புனேயில் ஒரு பேட்டரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், சொந்த ஊரிலேயே செல் செய்யப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்துவிட்டாள். வேணுகோபாலின் முகத்துக்காக வரவில்லை. ஒரு ஃபேக்டரி நிமிர்ந்து நின்றுவிட்டால் அதைச் சுற்றிச் செம்புத் தகடு வெட்டுகிறவன், பெட்டி செய்கிறவன், சோதித்துக் கொடுக்கிறவன் என்று பட்டறைகள் முளைக்கும். ஊர்ப் பிள்ளைகள் காலங்காத்தாலே ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு ஒப்பந்தக் கூலியாக வேன் ஏற வேண்டாம். அதற்காக வந்தாள்.

உலர் அறை என்றால் என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரி செல்லுக்கு ஈரம்தான் எமன். செல்லை மூடுவதற்கு முன்னால் காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே போய்விட்டால், ஊற்றுகிற திரவத்தோடு சேர்ந்து அமிலமாகிவிடும். செல் உப்பும். போதாத காலமென்றால் தீயும் பிடிக்கும். அதனால் அந்த அறையின் காற்றைக் காயவைப்பதற்கென்றே பின்னால் ஒரு ராட்சத மிஷின் ராப்பகலாக ஓடுகிறது. மனிதன் மூச்சு விட்டாலே ஈரம், வேர்த்தாலும் ஈரம். எனவே தலை முதல் கால்வரை மூடிய உடுப்பு போட்டுக்கொண்டுதான் உள்ளே போகலாம். அதுவும் ஆறு பேருக்கு மேல் கூடாது. அந்த உடுப்பைப் போட்டால் பட்டு வேட்டி மடிப்புக் கலைந்துவிடும் என்று வேணுகோபால் ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டுப் போய்விடுவார், தேர்மேல் உற்சவர் போல.

முதல் ஆறு லாட்டும், அதாவது செய்து முடித்த ஆறு தொகுதி செல்களும், சோதனையில் தேறவில்லை. மிஷின் புதிது, கைகளும் புதிது. செல் செய்கிற எந்த ஊரிலும் நடப்பதுதான். ஆனால் மின்சாரப் பஸ் செய்கிற கோயம்புத்தூர்க் கம்பெனி, ஏழாவது லாட்டோடு சரி என்று சொல்லிவிட்டது. அது தேறினால் பெரிய ஆர்டர், இரண்டாவது லைன், ஒப்பந்தத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் நிரந்தர வேலை. தேறாவிட்டால் கேட்டுக்குப் பூட்டு. சிம்ரன் அந்த லாட்டைக் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நம்முடைய தொழிலதிபருக்கு ஞானோதயம் வந்தது. சிம்ரனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பூஜையே போடல பார்த்தியாம்மா. அதான் ஆறு லாட்டும் அம்போன்னு போயிட்டுது. தறி பூட்டுனா மொதல்ல பூஜை, அப்புறம்தான் நாடாவத் தொடுவோம். வர்ற முகூர்த்தத்துல சிவாச்சாரியாருங்கள வெச்சி உள்ள கலசம் வெக்கிறோம்."

"உள்ளன்னா எங்க சார்?"

"அந்தக் கண்ணாடி ரூம்லதாம்மா. அங்கதான பேட்டரி பொறக்குது?"

"சார், ஆபீஸ்ல போடுங்க, கேட்டாண்ட போடுங்க. அந்த ரூம்ல மட்டும் வேணாம். தண்ணி, கற்பூரம் ரெண்டுமே அங்க ஆவாது சார். லாட்டே போயிரும்."

வேணுகோபால் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தீர்த்தம் பட்டு எந்தத் தொழிலாச்சும் கெட்டிருக்குதாம்மா? எங்க தாத்தா காலத்துலேர்ந்து தறிக்குழியில ஈரம் இருக்கணும்னுதான் சொல்லிக்கினு வராங்க. காத்து காஞ்சிதுன்னா பாவு நூலு அறுந்து அறுந்து வுழும். வெயில் காலத்துல தண்ணி தெளிச்சித் தெளிச்சித்தான் நெய்வோம். ஈரத்தப் பார்த்து பயந்துக்கினு இருக்குற தொழில இப்பதான் பாக்குறேன்."

"இது பட்டு இல்ல சார்."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. அதுவும் சுத்துறது, இதுவும் சுத்துறது."

என்ன அறிவு, என்ன அறிவு! தறிக்குழியில் கற்ற ஒன்றை வைத்துக்கொண்டு மனிதர் உலகத்தையே அளந்துவிட்டார். அவர் அதோடு விடவில்லை. குரலில் கொஞ்சம் வெல்லத்தைக் கலந்துகொண்டார்.

"அப்புறம் இன்னொண்ணும்மா. பெரிய மனுஷங்க எல்லாம் குடும்பத்தோட வராங்க. ஆச்சாரம் பாக்குறவங்க. நீயும் உங்க ஏரியா ஆளுங்களும் அன்னிக்கி ஒரு நாள் வெளிய நின்னுக்குங்க. விசிட்டருங்க வண்டியப் பாத்துக்கவும் ஆள் வேணும். நீ வேற கிறிஸ்தவப் பொண்ணு, உனக்கு இதுல நம்பிக்கை இருக்காது. அதுக்குத்தான் சொல்றேன், வேற ஒண்ணும் இல்ல."

"சிட்டிபாபு அண்ணனுக்கு நம்பிக்கை இருக்குது சார். வருஷா வருஷம் மாலை போட்டு மலைக்குப் போறாரு."

வேணுகோபாலுக்குச் சட்டென்று வழி கிடைத்துவிட்டது. "அவனும் உன்கூடவே நிக்கட்டும்மா. உனக்கும் ஒரு தொணையா இருக்கும்."

சிம்ரன் வெளியே வந்தபோது அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. செல்லின் ஓரத்தை ஒட்டி மூடுகிற மிஷினில் வேலை பார்க்கும் சிட்டிபாபு, அவளுடைய தெருக்காரன், விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றி எறிந்தான்.

"வண்டி பாத்துக்கணுமா? நானா? வேலையும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், வா சிம்ரனு, போயிக்கினே இருக்கலாம்."

"போயிட்டா அந்தாளு லாட்ட ஒக்கார வெச்சிக் குளிப்பாட்டிருவாருண்ணா. நம்ம பசங்க அத்தனை பேரு வேலையும் அதோட போயிரும். நாம எதுக்குப் போவணும்? அவருக்கு வேண்டியது பூஜை. ஏதோ ஒண்ணு பளபளன்னு முன்னால இருந்தா போதும். குடுப்போம்."

சிட்டிபாபு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தான்.

பூஜைக்கு முந்தின நாள் பகல் முழுக்க அவர்கள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏழாவது லாட்டை முழுக்க மூடி முடித்து, முதல் சார்ஜ் ஏற்றுகிற பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டி, சாவியைச் சிம்ரன் தன் பையில் போட்டுக்கொண்டாள். தகட்டுச் சுருள்களும் திரவக் கேன்களும் அறையை விட்டு வெளியேறின. இருட்டிய பிறகு கழிவு கொட்டுகிற ஷெட்டில் உட்கார்ந்து வேண்டாத தகடுகளைக் கசக்கிக் கசக்கி வெள்ளிநிற உறைகளில் திணித்தார்கள். சிட்டிபாபு அங்கே கிடந்த பழைய மிஷினில் ஓரங்களை ஒட்டினான். பார்வைக்கு அச்சு அசல் செல்தான். ஓர் உறை மட்டும் சப்பையாக இருந்தது.

"இது இன்னா, சீக்காளி மாதிரி இருக்குது," என்றவன், டீயோடு தின்றுவிட்டு வைத்திருந்த பிஸ்கட் கவரை மடித்து உள்ளே சொருகினான். சிம்ரன் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தது அதற்குத்தான்.

மறுநாள் ஐப்பசி மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. சிம்ரனும் சிட்டிபாபுவும் காலனிப் பையன்களும் குடையைப் பிடித்துக்கொண்டு பார்க்கிங்கில் நின்றார்கள். காரிலிருந்து இறங்கிய ஒரு பட்டுப்புடவை அம்மாள் தன் ஈரச் செருப்பைச் சிம்ரனின் காலடியில் கழற்றிவிட்டு, "பாத்துக்கமா, புதுசு" என்று சொல்லிவிட்டுப் போனாள். உலர் அறைக்குள் சொட்டச் சொட்ட ஒரு கல்யாணக் கூட்டமே நுழைந்தது. ஒருவர்கூட அந்த மூடிய உடுப்பைப் போடவில்லை. கற்பூரத் தட்டைத் தகடு அடுக்குகிற மிஷின்மேல் வைத்தார்கள். அங்கே அடுக்கி வைத்திருந்த குப்பைச் செல்கள்மேல் மாவிலையால் தீர்த்தத்தை வாரி வாரித் தெளித்தார்கள். வாசற்படியில் பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லாவற்றையும் போட்டோக்காரன் ஒன்று விடாமல் எடுத்தான். அந்த அறை மறுபடி காய்வதற்கு ஒரு வாரம் ஆனது.

"பூஜை போட்ட செல்லத்தான் கோயம்புத்தூருக்கு அனுப்பணும்," என்று வேணுகோபால் உத்தரவு போட்டார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்கு எடுத்து வெச்சிரு. புதுத் தறியில வர்ற மொதல் சேலை அம்மனுக்குத்தான். இதுவும் அப்படித்தான்."

"சரிங்க சார்," என்றாள் சிம்ரன், வெகு அடக்கமாக. பூட்டி வைத்திருந்த லாட் கோயம்புத்தூர் போனது. பூஜை போட்டது எங்கிருந்து வந்ததோ அந்த ஷெட்டுக்கே திரும்பிப் போனது. அவருக்காக எடுத்து வைக்க வேண்டிய அந்த ஒன்றை மட்டும் சிட்டிபாபு பார்த்துப் பார்த்துப் பொறுக்கினான்.

தை பிறந்து ரிசல்ட் வந்தது. ஏழாவது லாட் தேறிவிட்டது! சிட்டிபாபு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான். சிம்ரன் அப்பாவுக்குப் போன் போட்டு, அதையே இரண்டு தடவை சொன்னாள். வேணுகோபால் என்ன செய்தார் என்று கேட்கவே வேண்டாம். ஒரு மைசூர்பாகை அவள் கையில் கொடுத்து, "பாத்தியாம்மா, நீ வேணாம்னியே!" என்றார். அவள் அதை வாயில் போட்டு மென்றாள். பதில் சொல்லாமல் இருக்க அதுவும் ஒரு வழிதானே.

அதற்கப்புறம் ரிசப்ஷனில் ஒரு கண்ணாடிப் பெட்டி வந்தது. உள்ளே சிவப்பு வெல்வெட்டின்மேல், குங்குமம் வைத்து, தினம் ஒரு முழம் மல்லிகையோடு அந்த 'முதல் செல்' வீற்றிருந்தது. பக்கத்தில் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டிய வெள்ளிக் கத்தரிக்கோல். சுவர் முழுக்க பூஜைப் போட்டோ; அடியில் 'ஏழாவது லாட், அருள் பெற்ற நாள்' என்று தங்க எழுத்து. உள்ளே வருகிற ஒவ்வொருவனும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிஸ்கட் கவரைக் கும்பிட்டுவிட்டுப் போனான். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் சிட்டிபாபு பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருந்தது.

பங்குனி வெயிலில் பஸ் கம்பெனியின் ஆட்கள் கடைசி ஆய்வுக்கு வந்தார்கள். சிவராஜ் என்கிற பெரிய இன்ஜினியர், கூட இரண்டு பேர். உலர் அறையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் ஆர்டர் உறுதி. வேணுகோபால் சந்தனம் பூசிக்கொண்டு வாசலுக்கே போய் வரவேற்றார். நேராக அறைக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டியதுதானே? பெருமை விடுமா? போட்டோவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

சிவராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஈரத் தலைகள், கற்பூரத் தட்டு, மாவிலை, மிஷின்.

"இது உலர் அறையா?"

"அதேதான் சார்! உள்ளயே வெச்சிப் பண்ணோம். எவ்ளோ கூட்டம் பாருங்க."

"எங்களுக்கு அனுப்பின லாட் இதா?"

"இதே லாட்டுதான் சார். தீர்த்தம் படாத செல்லு ஒண்ணுகூட இல்ல. நானே நின்னு பாத்தேன்."

சிவராஜ் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "அப்ப அந்த லாட் தேறினது எங்க அதிர்ஷ்டம், அவ்வளவுதான். அடுத்த லாட்டுக்கு எவன் உத்தரவாதம்? பஸ்ல பொம்பளைங்க, கொழந்தைங்க போறாங்க சார். ஒரு செல்லு தீப்பிடிச்சா பஸ்ஸே கதவ மூடிக்கிட்டு எரியும். வாங்கப்பா, கெளம்பலாம்."

வேணுகோபாலுக்கு அப்போதும் புரியவில்லை. "எளநி சாப்ட்டுட்டுப் போலாமே சார்," என்றார்.

சிம்ரன் உலர் அறை உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தாள். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மனிதர் தன் வாயாலேயே கெட்டுக் குட்டிச்சுவராகிவிடுவார். அந்த ஆசை அவளுக்கு வராமல் இல்லை, நன்றாகவே வந்தது. ஆனால் உலர் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிட்டிபாபு மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். அறைக்கு வெளியே பெஞ்சில், இரண்டாவது லைனுக்கு எடுத்திருந்த பிள்ளைகள் புது உடுப்போடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், முக்கால்வாசி அவள் தெரு. இந்த வெத்துவேட்டுக்காக அவர்கள் மறுபடி வேன் ஏறுவதா?

"சார், ஒரு நிமிஷம்," என்றாள். "அந்தப் பூஜை நடந்தது உங்க லாட்டுக்கு இல்ல. உங்க லாட்ட முந்தின நாளே மூடி, பக்கத்து ரூம்ல வெச்சிப் பூட்டிட்டோம். அன்னிக்கி உள்ள இருந்தது குப்பை."

"ஏய், இன்னாமா ஒளறுற?" என்றார் வேணுகோபால்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். மல்லிகைச் சரத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். வெள்ளிக் கத்தரிக்கோலால் அந்தச் செல்லின் வயிற்றைக் குறுக்காக வெட்டினாள். சிவராஜ் இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. கசங்கிய தகடு வெல்வெட்டின்மேல் விழுந்தது. அதன் பின்னாலேயே மடித்த பிஸ்கட் கவரும் விழுந்தது.

மூன்று மாதமாகத் தான் கன்னத்தில் போட்டுக்கொண்ட தெய்வத்தை வேணுகோபால் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூஜை முடிஞ்சி ரூம் காஞ்சி பழைய நெலைக்கு வர்ற வரைக்கும் உள்ள ஒரு செல்லுகூட செய்யல சார்," என்றாள் சிம்ரன். "மிஷின்ல பாருங்க, எல்லாம் பதிவாயிருக்குது."

சிவராஜ் வேணுகோபாலிடம் திரும்பினார். "இது உங்களுக்குத் தெரியுமா சார்? தெரிஞ்சிதான் டம்மி வச்சீங்களா?"

பாவம், மனிதருக்கு இரண்டே வழி. தெரியாது என்றால் தன் ஃபேக்டரியில் என்ன நடக்கிறதென்றே தெரியாத மடையன். தெரியும் என்றால் ஊரையே கூட்டிக் குப்பைக்குக் கற்பூரம் காட்டியவன். நெற்றிச் சந்தனம் வேர்வையில் கரைந்து மூக்கு வரை இறங்கியது. ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். சந்தனத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஆமா சார். நான்தான் சொன்னேன். விசிட்டருங்க திருப்திக்கு... சும்மா ஏதாச்சும் குப்பைய வெச்சிருங்கம்மான்னு."

அட, வெட்கம் கெட்ட மனிதா! சிம்ரனுக்குக் கோபம்கூட வரவில்லை. அவளுடைய புத்தியையும் தன்னுடையது என்று வாரி மடியில் கட்டிக்கொண்டுவிட்டாரே என்று அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

சிவராஜ் மறுபடி போட்டோவைப் பார்த்தார், இந்தத் தடவை ஒவ்வொரு முகமாக. "உலர் அறைக்குப் பொறுப்பு இவங்கதானே? இவங்க ஏன் இதுல இல்ல?"

சிம்ரனே பதில் சொன்னாள்.

"பார்க்கிங்ல நின்னுக்கினு இருந்தேன் சார். வண்டியெல்லாம் பாத்துக்கச் சொன்னாங்க."

சிவராஜ் பையைக் கீழே வைத்தார். "உடுப்பக் குடுங்கம்மா. உங்க அறையப் பார்க்கலாம்," என்றார்.

சிவராஜும் அவருடன் வந்த இரண்டு பேரும் உடுப்பை மாட்டிக்கொண்டார்கள். சிம்ரனும் மாட்டிக்கொண்டாள். உள்ளே சிட்டிபாபுவும் இன்னொரு பையனும் தயாராக நின்றார்கள். கதவு திறக்கிற நேரத்தில் பின்னால் மூச்சிரைக்க ஒரு சத்தம். வேணுகோபால்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, பட்டு வேட்டிக்கு மேலே அந்த உடுப்பை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு கால் உள்ளே போயிருந்தது, இன்னொரு கால் போகவில்லை. கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம், கையில் போன்.

சிம்ரன் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

"ஆறு பேரு ஆயிட்டுது சார்."

"நான் மொதலாளிம்மா!"

"வேர்த்துக்கினு வேற இருக்கீங்க. உள்ள ஆவாது." அவள் குரலிலும் இப்போது கொஞ்சம் வெல்லம் இருந்தது. "இன்னிக்கி ஒரு நாள் வெளிய நின்னுக்குங்க சார். விசிட்டருங்க வண்டி வெயில்ல நிக்குது, அதப் பாத்துக்கவும் ஆள் வேணும். வேற ஒண்ணும் இல்ல."

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒற்றைக் காலில் உடுப்போடு, வேணுகோபால் கையை ஆட்டினார். உள்ளே இருந்த ஆறு பேரில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.